பல்லாண்டு ஓடும் காமிக்ஸ் தொடருக்கு ஒரு நாயகி: எழுதுபவர்கள் எங்கே இடறுகிறார்கள்?

மேலூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓவியர் ஒருவரும் நானும் சேர்ந்து தமிழில் ஒரு காமிக்ஸ் தொடரைத் தொடங்கும் வேலையில் இருக்கிறோம். கதையின் நாயகி மேலூர் வட்டத்தில் பணிபுரியும் நில அளவையர். ஊரார் அவளைச் சர்வேயரம்மா என்று அழைக்கிறார்கள். பாறையில் உள்ளங்கையை வைத்தால் அது எங்கிருந்து எப்போது பெயர்க்கப்பட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். பத்துப் பேர் கடப்பாரை போட்டும் அசையாத கல்லை அவள் தனியாகத் தூக்கி நிறுத்துவாள். எல்லைக்கல்லை இரவோடு இரவாக நகர்த்துபவர்களும், கண்மாயைப் பட்டா நிலமாக மாற்றிக்கொள்பவர்களும், குன்றையே வெட்டித் தின்னும் குவாரிக்காரர்களும் அவளுடைய எதிரிகள். முதல் சில கதைகளுக்கு வசனமும் காட்சிப் பிரிப்பும் முடிந்துவிட்டன.

இந்தத் தொடர் இருபது ஆண்டுகளாவது ஓட வேண்டும் என்பதும், நாங்கள் விலகிய பிறகு வேறொருவர் எழுத வந்தாலும் அவள் அவளாகவே இருக்க வேண்டும் என்பதும் எங்கள் ஆசை. ஆனால் படித்துப் பார்த்தவர்கள் தந்த யோசனைகள் எனக்குக் கலக்கத்தைத் தருகின்றன. அவளுக்கு உடனடியாக ஒரு காதலன் வேண்டும் என்கிறார் ஒருவர். மூன்றாம் ஆண்டில் அவள் தன் ஆற்றலை இழந்தால் வாசகர்கள் உருகிவிடுவார்கள் என்கிறார் மற்றொருவர். பெண்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டியவள் இவ்வளவு கோபப்படலாமா என்று கேட்கிறார் இன்னொருவர். நாயகன் ஆணாக இருந்திருந்தால் இவற்றில் ஒரு கேள்விகூட எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அயல்நாடுகளில் பல பத்தாண்டுகளாக ஓடும் நாயகியர் இருக்கிறார்கள். அவர்களை எழுதியவர்கள் எங்கே இடறினார்கள், முதல் இதழ் அச்சுக்குப் போகும் முன்பே நாங்கள் எதையெல்லாம் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.


பரவை வாசகர் எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்விக்கு அமெரிக்க காமிக்ஸ் நாயகி வொண்டர் உமனைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. 1941ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி, சிறு இடைவெளிகளைத் தவிர்த்தால், இன்றுவரை வெளிவந்துகொண்டிருப்பவள் அவள். அவளை உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் ஆய்வில் ஈடுபட்டவர். எதிராளியைக் கட்டி உண்மை பேசவைக்கும் கயிறு அவள் கைக்கு வந்ததில் வியப்பில்லை. உலகத்தைப் பெண்கள் வழிநடத்தினால் அது திருந்தும் என்று அவர் மனமார நம்பினார். ஆகவே அவருடைய கதைகளில், தோற்ற எதிரியைத் தண்டிப்பதோடு நாயகியின் வேலை முடிவதில்லை, அவர்களைத் திருத்துவதும் அவளுடைய பொறுப்பாக இருந்தது. அந்த நம்பிக்கையோடு நீங்களும் நானும் உடன்படலாம், உடன்படாமலும் போகலாம். ஆனால் அவள் என்ன செய்வாள், என்ன செய்யமாட்டாள் என்பதில் அந்நாளில் ஐயமே இருக்கவில்லை. 1944 முதல் 1947 வரை மார்ஸ்டனின் உதவியாளராக இருந்த ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண் பல கதைகளைத் தாமே எழுதினார். அவருடைய பெயர் இதழ்களில் அச்சாகவில்லை.

சிக்கல் மார்ஸ்டன் வாழ்ந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. தன் சொந்த இதழில் போர்க்களத்துக்குப் போய்க்கொண்டிருந்தவளை, 1942இல் நாயகர்கள் பலர் கூடும் குழுவின் கதையில் வேறொரு எழுத்தாளர் சேர்த்தபோது, அவளுக்குக் கிடைத்தது அக்குழுவின் செயலாளர் பதவி. ஆண்கள் சண்டைக்குப் போவார்கள், அவள் இருந்து குறிப்பெழுதுவாள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் சர்வேயரம்மா நாளை வேறொருவரின் கதையில் விருந்தாளியாகப் போகும் நாள் வரும். அப்போதும் அவள் வேலையை அவளே செய்ய வேண்டும் என்று இப்போதே எழுதிவையுங்கள்.

மார்ஸ்டன் 1947இல் காலமானார். அடுத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதிய ராபர்ட் கானிகரின் காலத்தில், அவள் காதலன் ஸ்டீவ் ட்ரெவர் அவளை மணக்கக் கேட்பதும் அவள் தள்ளிப்போடுவதும் பெரும்பகுதிக் கதைகளை நிரப்பின. 1968இல் டென்னி ஓ'நீலும் மைக் செகோவ்ஸ்கியும் பொறுப்பேற்று, அவள் ஆற்றலை முழுவதும் களைந்து, துணிக்கடை நடத்தும் சாதாரணப் பெண்ணாக்கித் தற்காப்புக் கலையைக் கற்பித்தார்கள். சொந்தத் திறமையால் வெல்லும் புதிய பெண்ணைக் காட்டுவது அவர்களின் எண்ணம். அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் நாற்பதுகளில் அவளைப் படித்து வளர்ந்த பெண்களுக்கு, உலகத்திலேயே வலிமையான பெண்ணிடமிருந்து வலிமையைப் பறித்ததாக அது தெரிந்தது. 1972இல் குளோரியா ஸ்டைனமும் அவருடைய தோழியரும் தொடங்கிய பெண்ணிய இதழ், பழைய உடையில் பழைய ஆற்றலோடு அவளை அட்டையில் போட்டது. 1973 தொடக்கத்தில் ஆற்றல் திரும்பிவிட்டது. 1987இல் ஜார்ஜ் பெரெஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கிரேக்கத் தொன்மத்தை ஆழமாகக் கொண்டுவந்த அந்த ஐந்தாண்டு எழுத்து என் பார்வையில் மிகச் சிறந்தது. 2011இல் பிரையன் அசரெல்லோ, களிமண்ணில் வடித்துப் பிறந்தவள் என்ற கதையே பொய், அவள் கிரேக்கக் கடவுள் சீயஸின் மகள் என்று மாற்றினார். 2016இல் கிரெக் ரக்கா, அவள் தன்னைப் பற்றி அறிந்ததாக நினைத்தவற்றில் பெரும்பகுதி ஏமாற்று என்று எழுதினார்.

இவர்களில் திறமையற்றவர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பேட்மேனை எழுத வருபவர், சந்து ஒன்றில் பெற்றோர் கொலையுண்ட கதையை அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த வழக்கைத் தொடங்குகிறார். வொண்டர் உமனை எழுத வருபவரோ, அவள் யார், பெண் என்றால் யார் என்ற கேள்வியைத் தீர்த்துவிட்டுத்தான் கதையைத் தொடங்க வேண்டும் என்று எண்ணுகிறார். எல்லாப் பெண்களுக்கும் ஒரே பிரதிநிதி என்று அவள் தோளில் ஏற்றிய சுமை இது. அதனால் அவளைச் சுற்றி எதுவும் சேராமல் போனது. பேட்மேனுக்குக் காதம் நகரம் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. இவள் வாஷிங்டனில் இருந்தாள், நியூயார்க் போனாள், பாஸ்டனில் குடியேறினாள், பிறகு கேட்வே சிட்டி, பிறகு லண்டன். ஊர் மாறும்போதெல்லாம் தோழியரும் அண்டை வீட்டாரும் காணாமல் போனார்கள். சராசரி வாசகரிடம் பேட்மேனின் எதிரிகளைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார், இவளுடைய எதிரிகளைக் கேட்டால் இரண்டு பெயர்களோடு நின்றுவிடுவார்.

மேலூரும் சர்வேயர் வேலையும் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரும் செல்வம். காலையில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால் அன்றைக்கு ஒரு கதை கிடைத்துவிடும். அவளைச் சென்னைக்கு மாற்றலாமா என்று யார் கேட்டாலும் இணங்காதீர்கள்.


திருநகர் தமிழாசிரியை எழுதியது:

அன்புள்ள மேலூர்க்காரிக்கு வணக்கம். பரவை நண்பர் தந்த வரலாறு எனக்கும் பயன்பட்டது. ஆனால் பிறப்புக் கதையை மீண்டும் மீண்டும் சொல்வதுதான் நோய் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மதுரையில் ஒவ்வொரு சித்திரையிலும் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடக்கிறது, மறுநாள் திக்கு விஜயம் நடக்கிறது, அதற்கு மறுநாள் திருக்கல்யாணம். அடுத்த ஆண்டும் இதேதான் நடக்கும் என்று அறிந்தே மாசி வீதிகளில் கூட்டம் கூடுகிறது; ஒருவரும் சலித்துப்போவதில்லை. அங்கே சொல்லப்படும் கதை முந்தைய ஆண்டின் கதையைப் பொய் என்று சொல்வதில்லை. காமிக்ஸ் எழுத்தாளர்கள் செய்ததோ வேறு. புதிதாகச் சொல்பவர் பழையதை மறுத்துவிட்டுத் தொடங்கினார். அந்த மறுப்பைத்தான் வாசகர்கள் பொறுக்கவில்லை என்று நான் கருதுகிறேன்.

நாயகியின் நீண்ட கதை தளர்ந்துபோவதற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அது நம் மரபிலேயே இருக்கிறது. திருவிளையாடல் புராணத்தில் திருவிளையாடல்கள் 64. நான்காவதில் மீனாட்சியாகிய தடாதகைப் பிராட்டியார் வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுச் சிறுமியாகத் தோன்றுகிறார், முடி சூடுகிறார். ஐந்தாவதில் எண்திசையையும் வென்று, கயிலையில் சிவகணங்களையும் தோற்கடித்து, இறைவனைக் கண்டு நாணி நிற்கிறார், திருமணம் நடக்கிறது. அதன் பின் ஆட்சி அவர் கணவரான சுந்தர பாண்டியரிடம் போகிறது. பக்தியோடு படிப்பவர்களுக்கு அதில் குறையில்லை, எனக்கும் இல்லை. ஆனால் கதை எழுதுபவர் கண்ணோடு பார்த்தால், வாளேந்திய பெண்ணைப் பிறப்பிக்கவும் மணமுடிக்கவும் வழியறிந்த மரபுக்கு, மணத்துக்கு அடுத்த நாள் அவளுக்கு என்ன வேலை தருவது என்பதில் தயக்கம் இருப்பது தெரியும்.

அல்லியின் கதை இன்னும் தெளிவானது. புதுமண்டபத்துக் கடைகளில் முன்பெல்லாம் பெரிய எழுத்துப் புத்தகமாக விற்ற அல்லி அரசாணி மாலையில், நீன்முகனை வென்று மதுரையை மீட்ட அல்லி, அரண்மனைப் பொறுப்புகளையெல்லாம் பெண்களிடமே ஒப்படைத்து ஆள்கிறாள். அருச்சுனன் பாம்பு வடிவில் பள்ளியறைக்குள் நுழைந்து, உறங்குபவளுக்குத் தாலி கட்டிவிடுகிறான். அடுத்து வரும் பவளக்கொடி கதையிலோ, மகனுக்குப் பவளத் தேர் வேண்டும் என்று அருச்சுனன் கடல் கடந்து போய் இன்னொருத்தியை மணக்கிறான். தனிக்கதைக்கு உரியவளாக இருந்த அல்லி இங்கே ஏமாற்றப்பட்ட மனைவியாகச் சுருங்கிவிடுகிறாள். அடுத்த கதை வந்தவுடன் நாயகி சிறுத்துப்போனாள். பரவை நண்பர் சொன்ன செயலாளர் பதவியை நான் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன்.

ஆகவே காதலன் வேண்டும் என்பவரை முழுவதும் மறுக்காதீர்கள். அவளுக்குத் திருமணம் வேண்டுமானால் நடக்கட்டும். நடந்த மறு வாரமே அவள் அளவைச் சங்கிலியையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டாம்பட்டிப் பக்கம் கண்மாய் அளக்கப் போகும் கதையைத் தயாராக வைத்திருங்கள். அந்தக் கதை கையில் இல்லாமல் திருமணக் கதையைத் தொடவேண்டாம்.

கோபம் பற்றிக் கேட்டவருக்கும் ஒரு சொல். கண்ணகி பாண்டியன் அவையில் முதலில் செய்தது சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கத்தைக் காட்டியதுதான். அதாவது, வழக்கை நிறுவிய பிறகே நகரத்தின் மேல் சினந்தாள். உங்கள் நாயகியும் அளந்து முடித்த பிறகு கோபப்படட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படட்டும்.


கோட்டோவியர் எழுதியது:

எழுத்தாளர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நாயகியின் கதையைப் பாதியளவு எழுதுபவர் ஓவியர் என்பதால் சில சொற்கள் சொல்கிறேன்.

வொண்டர் உமனின் உடையை மாற்றுவது ஒவ்வொரு முறையும் செய்தியானது. 1968இல் வெள்ளை உடை வந்தது. 2010இல் காற்சட்டையும் மேல்சட்டையுமாக மாற்றியபோது அமெரிக்கச் செய்தித்தாள்கள்கூட எழுதின. மறு ஆண்டே மறுபடி மாறியது. கதையில் தீராத குழப்பத்தை உடையால் தீர்க்கப் பார்த்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். உங்கள் நாயகி வெயிலில் பாறைமேல் ஏறுபவள். சுடிதார், மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் தேய்ந்த செருப்பு என்று முதல் இதழிலேயே முடிவுசெய்து விடுங்கள். எந்த ஓவியர் வந்தாலும் பத்துக் கோடுகளில் அவளை அடையாளம் காட்ட முடிய வேண்டும்.

இன்னொன்று, அவள் கல்லைத் தூக்கும் காட்சியில் எடை தெரிய வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும், பாதம் மண்ணில் பதிய வேண்டும், முகம் இறுக வேண்டும். சண்டையின் நடுவிலும் பெண்ணை ஒப்பனையோடு நிறுத்தி இடுப்பை வளைத்து வரையும் பழக்கம் ஓவியர்களிடம் இருக்கிறது. அப்படி வரைந்த பக்கத்தில் நீங்கள் எவ்வளவு நல்ல வசனம் எழுதினாலும் அவளுடைய வலிமையை வாசகர் நம்பமாட்டார். வரைபவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.


விருதுநகர் இதழ்த் தொகுப்பாளர் எழுதியது:

சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு மாடஸ்டி பிளைசியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. லயன் காமிக்ஸ் 1984இல் தன் முதல் இதழையே அவள் கதையோடுதான் தொடங்கியது. அவளுக்கு அதிசய ஆற்றல் ஏதும் கிடையாது. ஆனால் நீண்ட காலம் ஓடிய சாகச நாயகி என்ற வகையில் உங்களுக்கு மிகவும் தேவையான எடுத்துக்காட்டு அவள்.

1963 மே மாதம் லண்டன் நாளிதழ் ஒன்றில் தொடங்கி 2001 ஏப்ரல் வரை அந்தத் தொடர் வந்தது. முதல் ஓவியர் ஜிம் ஹோல்டவே 1970இல் மறைந்தார், அதன் பின் ஓவியர்கள் பலர் மாறினார்கள். எழுதியவர் மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பீட்டர் ஓ'டானல் ஒருவரே. போரில் அகதியான சிறுமி, குற்றக் கும்பல் ஒன்றின் தலைவியாகிப் பணம் சேர்த்து, அதைக் கலைத்துவிட்டு ஓய்வுபெற்றவள் என்ற முன்கதையை 38 ஆண்டுகளில் அவர் தலைகீழாக்கவில்லை. வில்லி கார்வினும் அவளும் உயிர்த் தோழர்கள், காதலர்களாகமாட்டார்கள் என்ற விதியையும் மீறவில்லை. மாடஸ்டிக்குக் காதலர்கள் வந்தார்கள், போனார்கள். அதனால் அவள் கதை எந்தப் பக்கமும் சாய்ந்துவிடவில்லை. வில்லியின் நட்பு அசையாமல் இருந்ததால், மற்றவற்றையெல்லாம் ஆசிரியரால் துணிந்து அசைக்க முடிந்தது. உங்கள் சர்வேயரம்மாவுக்குச் சங்கிலி பிடிக்கும் உதவியாளர் ஒருவர் இருப்பார் அல்லவா? அவரை வலுவாக உருவாக்குங்கள். எந்தக் காலத்திலும் காதலனாக மாற்றாதீர்கள், பரிதாபத்துக்காகக் கொல்லவும் கொல்லாதீர்கள்.


மேலூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஊர், வேலை, உதவியாளர், உடை ஆகிய நான்கையும் உறுதிசெய்து ஒரு கதைச்சுவடி எழுதத் தொடங்கிவிட்டோம். டீச்சர் சொன்ன திருமணத்துக்குப் பிந்தைய கதையை முதலிலேயே எழுதுவது என்றும் முடிவுசெய்திருக்கிறோம்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாடஸ்டிக்கு ஒரே ஆசிரியர் இருந்தார். எங்களுக்குப் பின் வருபவர் சுவடியை மதிக்காமல் அவளுக்கு ஒரு கொடுமையை எழுதிவிட்டால், அதற்கும் அடுத்து வருபவர் என்ன செய்ய முடியும்? முதலிலிருந்து அழித்து எழுதுவதும் கூடாது என்றால் வேறு வழி என்ன?


பரவை வாசகர் எழுதியது:

இதற்கு நல்ல விடைகள் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன சகோதரி. கரோல் டான்வர்ஸ் 1977 முதல் மிஸ் மார்வெல் என்ற பெயரில் தனி இதழ் கண்டவள். 1980இல், அவள் இருந்த நாயகர் குழுவின் இதழான அவெஞ்சர்ஸின் 200ஆம் இதழில், ஒருவன் அவள் மனத்தை வசப்படுத்திக் கருவுறச் செய்ததைக் காதல்போல எழுதி, தோழர்கள் வாழ்த்தி வழியனுப்ப அவனோடு அவளை அனுப்பிவைத்தார்கள். முன்பு அவளை எழுதிவந்த கிறிஸ் கிளேர்மான்ட் மறு ஆண்டு வந்த ஆண்டு மலரில் அந்த இதழை மறுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அவளைத் திரும்ப அழைத்துவந்து, அந்தத் தோழர்களின் முகத்துக்கு நேரே, எனக்கு நேர்ந்தது என்னவென்று உங்களில் ஒருவருக்குமா தெரியவில்லை என்ற பொருளில் அவளையே கேட்கவைத்தார். தவறு நடந்தது கதையின் பகுதியாகவே நின்றது, தவறு என்ற தீர்ப்போடு.

மற்றொன்று, பேட்மேன் கதைகளில் பேட்கேர்ள் என்ற நாயகியாக இருந்த பார்பரா கார்டன். 1988இல் பேட்மேனின் எதிரி ஜோக்கர் சுட்டதில் அவள் முதுகுத்தண்டு சிதைந்து நடக்க முடியாதவளானாள். ஆண்களின் துயரத்தைக் கூட்டுவதற்காகவே அவளை அங்கே வைத்தார்கள் என்ற குறை இன்றுவரை உண்டு. ஜான் ஆஸ்ட்ராண்டரும் அவர் மனைவி கிம் யேலும் அடுத்த ஆண்டே அவளைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி, கணினியின் வழியே எல்லா நாயகர்களுக்கும் தகவல் தரும் ஆரக்கிளாக எழுதினார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அந்த வடிவத்தில் அவள் இயங்கினாள். 2011இல் மறுதொடக்கம் என்ற பெயரில் அவளை மீண்டும் நடக்கவைத்தபோது, தம்மைப் போன்ற ஒருத்தியை இழந்ததாக மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலர் வருந்தினார்கள்.

ஆற்றலை இழக்கவைக்கலாம் என்ற உங்கள் நண்பருக்கும் இதில் விடை இருக்கிறது. அப்படி ஒரு கதை வேண்டுமென்றால், இழந்த பிறகு அவள் எந்த வேலையை எப்படித் தொடர்கிறாள் என்பதை எழுதத் தெரிந்தவரே அதை எழுதட்டும். பாறை பேசாமல் போனாலும் அளவை நாடாவும் புலப்படமும் பழைய பத்திரங்களும் அவளிடம் இருக்கும். குவாரிக்காரன் பயப்பட அவை போதும். சுவடியின் முதல் பக்கத்தில், பின்னால் வருபவர் எழுதிய எதையும் நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது, நடந்ததற்குக் கதைக்குள்ளேயே அவள் பதில் கேட்பாள் என்ற ஒரு விதியைச் சேர்த்துவிடுங்கள். முதல் இதழ் எப்போது வருகிறது என்பதையும் இங்கே தெரிவியுங்கள்; பரவைக்கு இரண்டு படிகள் வேண்டும்.